தாய் குடித்தால் பிள்ளை மறக்குமா? எலிகள் சொன்ன பதில்

கர்ப்பிணிப் பெண் மது அருந்தினால் வயிற்றில் உள்ள பிள்ளையின் மூளை பாதிக்கப்படும். இது இன்று பலருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இதை அறிவியல் உறுதியாகச் சொல்ல முக்கால் நூற்றாண்டு ஆனது. நடுவில் ஒரு முறை, கைக்கு எட்டிய விடையை நழுவவிட்டும் விட்டார்கள். கடைசியில் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவை ஆய்வுக்கூடத்து எலிகள்!

சிறையில் பிறந்த கேள்வி

1899-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் சிறையில் மருத்துவராக இருந்த வில்லியம் சல்லிவன், குடிக்கு அடிமையான 120 பெண்களுக்குப் பிறந்த 600 குழந்தைகளைப் பற்றிக் கணக்கெடுத்தார். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தே பிறந்திருந்தன, அல்லது சிறு வயதிலேயே இறந்துபோயிருந்தன. குடிக்காத உறவுக்காரப் பெண்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டால் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். கர்ப்ப காலத்தில் சிறைக்குள் இருந்ததால் குடிக்க முடியாமல் போன பெண்களுக்கு நல்ல குழந்தைகள் பிறந்ததையும் அவர் கவனித்தார்.

ஆனால் அந்தப் பெண்கள் ஏழைகள், சரியான சாப்பாடு இல்லாதவர்கள். குற்றவாளி மதுவா, வறுமையா, பரம்பரையா? மனிதர்களிடம் இதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால்தான் விலங்குகள் தேவைப்பட்டன.

தவறான கேள்வி

1910-களில் நியூயார்க்கில் சார்லஸ் ஸ்டாக்கார்ட் என்ற ஆய்வாளர் கினிப்பன்றிகளை மது ஆவியைச் சுவாசிக்க வைத்து, அவற்றின் குட்டிகளை ஆராய்ந்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். பிற்காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் 'பாப்' பரிசோதனையைத் தந்தவர் இவர்தான். 1921-ல் மெக்டவல், விகாரி என்ற இருவர், குடித்த எலிகளின் பேரக்குட்டிகளைச் சுற்றுவழிப் பாதையில் ஓடவிட்டு அவற்றின் கற்கும் திறனைச் சோதித்தனர்.

கவனியுங்கள், பேரக்குட்டிகள்! அன்றைய ஆய்வாளர்களின் கவலை பெரும்பாலும் 'வம்சம் கெடுமா' என்பதே. வளரும் மூளையை மது நேரடியாக என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. மது கொடுக்கப்பட்ட கோழிகளின் குஞ்சுகள் நன்றாகவே இருப்பதாக ரேமண்ட் பேர்ல் அறிவித்தார். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் இருந்த மதுவிலக்கு தோல்வியில் முடிந்ததும், இந்தப் பேச்சே மதுவிலக்குப் பிரசாரமாகப் பார்க்கப்பட்டு ஒதுக்கப்பட்டது.

மறுபடியும் எலிகள்

1968-ல் பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் 127 குழந்தைகளிடம் ஒரே மாதிரியான குறைகளைக் கண்டு எழுதினார். அது பிரெஞ்சு மொழியில் வந்ததால் அதிகம் பேர் படிக்கவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் இதற்குக் 'கருநிலை மது நோய்க்குறி' என்று பெயரிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

பழைய சந்தேகம் உடனே எழுந்தது: மதுவா, பட்டினியா? இதற்கு எளிய வழி இருந்தது. ஒரு தாய் எலிக்கு மது கலந்த உணவு. இன்னொன்றுக்கு மதுவுக்குப் பதில் அதே கலோரி அளவுக்குச் சர்க்கரை கலந்த உணவு. இரண்டும் உண்ணும் அளவு ஒன்றே. பிறகும் குட்டிகளிடம் வித்தியாசம் இருந்தால் காரணம் மதுதானே!

எலிகளால் இன்னொரு வசதியும் உண்டு. மனிதக் கருவின் கடைசி மூன்று மாதங்களில் நடக்கும் மூளை வளர்ச்சி, எலிக்குப் பிறந்த பின் முதல் சில நாட்களில் நடக்கிறது. எனவே குட்டிக்கே நேரடியாக, அளந்து மது கொடுக்க முடிந்தது. 1987-ல் குட்லெட், கெல்லி, வெஸ்ட் ஆகியோர் இப்படி வளர்ந்த எலிகளை நீர்த்தொட்டியில் நீந்தவிட்டனர். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைச் சுற்றுப்புற அடையாளங்களை வைத்து நினைவில் கொள்ள வேண்டும். இரத்தத்தில் மது அளவு மிக உயர்ந்திருந்தவை இதைக் கற்கத் தடுமாறின.

1990-ல் பான்தியஸ், வெஸ்ட் ஆய்வு இன்னும் முக்கியமானது. உடல் எடையில் கிலோவுக்கு 6.6 கிராம் மதுவை நாள் முழுவதும் பிரித்துக் கொடுத்ததைவிட, 4.5 கிராமைக் குறுகிய நேரத்தில் கொடுத்தபோது மூளைச் செல்கள் அதிகம் அழிந்தன. அதாவது, மொத்த அளவு மட்டுமல்ல, ஒரே மூச்சில் குடிப்பதே பெரிய ஆபத்து. "எப்போதாவதுதானே" என்ற சமாதானம் இங்கே உடைந்தது.

எலியிடமிருந்து குழந்தைக்கு

ஒரு சத்தம் கேட்டதும் கண்ணில் காற்று ஊதப்படும். சில தடவைகளில் சத்தம் கேட்டவுடனே கண் மூடக் கற்றுக்கொள்ளும். மது பெற்ற எலிக்குட்டிகளுக்கு இது சரியாக வரவில்லை என்று 1990-களில் தெரிந்தது. 2008-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதே சோதனை நடந்தது. முழு நோய்க்குறி இருந்த குழந்தைகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. அந்தப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்காக ஒயின் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

நம்பிக்கை தரும் செய்தியும் எலிகளிடமிருந்தே வந்தது. கோலின் என்ற சத்துப் பொருள் கொடுத்தபோது குட்டிகளின் கற்கும் திறன் ஓரளவு மேம்பட்டதை ஜெனிஃபர் தாமஸ் குழுவினர் 2000-ல் காட்டினர். 2018-ல் கேப்டவுனில் குடிப்பழக்கம் உள்ள கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்த சிறிய சோதனையில், குழந்தைகள் அந்தக் கண்மூடும் பாடத்தைக் கூடுதலாகக் கற்றன.

ஒரு காலத்தில் 'கெட்ட வம்சம்' என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள் இவர்கள். வகுப்பில் சொன்னதை மறந்துவிடும் பிள்ளையை மக்கு என்று திட்டுவதற்கு முன், பெயர் தெரியாத அந்த எலிகள் சொல்லிக் கொடுத்ததை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது நல்லது.