பிப்ரவரி 12 என்ன நாள்? ஹக் டே முதல் அச்சங்குளம் வெடிவிபத்து வரை

காதலர் வாரத்தில் இன்னைக்கு ஹக் டே. ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க வைக்கலாம்.

பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினும், அமெரிக்க அதிபராக இருந்த ஆபிரகாம் லிங்கனும் பிறந்தது 1809 பிப்ரவரி 12. ஒரே நாள், ஒரே வருஷம்!

இந்தியாவில் இது தேசிய உற்பத்தித்திறன் தினம். 1958-ல் தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் உருவான நாள். குறைந்த நேரத்தில் அதிகம் தயாரிப்பது எப்படின்னு ஒரு வாரம் பேசுவாங்க.

பட்டாசு ஆலையில் அந்த வேகம் ஆபத்து. 2021-ல் இதே நாள், வெள்ளிக்கிழமை மதியம், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. 20-க்கும் மேற்பட்டோர் பலி. ஃபேன்ஸி ரகத்துக்கு மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது.

ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என வெடிபொருள் விதிகளில் வரம்பு உண்டு. அறைகளுக்கு நடுவே இடைவெளியும் விடணும். ஒரு ரூமில் பொறி பட்டால் சேதம் அங்கேயே நிற்கணும் என்பதுதான் கணக்கு. ஆனா, செய்யுற பீஸுக்கு ஏத்த கூலி என்றால் கை வேகமாத்தானே ஓடும்?

இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு தலா 3 லட்சம், பிரதமர் நிவாரண நிதியில் இருந்து தலா 2 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. தானாக முன்வந்து வழக்கை எடுத்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிர்ணயித்த இழப்பீடு, தலா 20 லட்சம்.