நோயெதிர்ப்புக் குறைபாட்டு ஆய்வில் மரபணு திருத்திய விலங்குகள்

கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு ஒரு பிறவிநோய். சுருக்கமாக ஸ்கிட் எனப்படும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள் உருவாகாததால் சாதாரணத் தொற்றே குழந்தையின் உயிரைப் பறிக்கும். இந்நோயை ஆராயவும் சிகிச்சைகளைச் சோதிக்கவும் உரிய மரபணுவை முடக்கி விலங்குகளை வளர்க்கிறார்கள்.

முதல் மாதிரியை இயற்கையே தந்தது. 1983இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மெல்வின் போஸ்மா குழுவினர், தானாகத் திடீர்மாற்றம் அடைந்து டி செல்களும், எதிர்ப்புப்பொருள் உருவாக்கும் பி செல்களும் இல்லாமற்போன சுண்டெலிகளை விவரித்தனர். ஆனால் வயது ஏற ஏற அவற்றில் சிலவற்றுக்கு டி, பி செல்கள் தலைகாட்டின. 1992இல் இச்செல்கள் உருவாகத் தேவையான ஆர்ஏஜி1, ஆர்ஏஜி2 மரபணுக்களை முடக்கி உருவாக்கிய சுண்டெலிகளில் இந்தக் குறை இல்லை.

மனிதரிடம் பரவலாகக் காணப்படும் வகைக்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஐஎல்2ஆர்ஜி மரபணுவின் பழுது. 1993இல் இது தெரியவந்தது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். இவர்களுக்கு டி செல்களும் இயற்கைக் கொல்லி (என்கே) செல்களும் இரா. பி செல்கள் இருந்தும் சரிவரச் செயல்படா. அதே மரபணுவைச் சுண்டெலியில் முடக்கினால் பி செல்களும் வெகுவாகக் குறைகின்றன. சுண்டெலியின் பி செல்கள் வளர இன்டர்லூக்கின்-7 என்னும் சமிக்ஞைப் புரதம் இன்றியமையாதது, மனிதருக்கோ அது இல்லாமலும் அவை உருவாகும் என்பதே காரணம். ஆக, மரபணு ஒன்றானாலும் நோய் ஒன்றாக அமைவதில்லை.

பன்றிகள் முக்கியத்துவம் பெறுவது இங்கேதான். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றிச் செல்லில் ஐஎல்2ஆர்ஜியை முடக்கி, குளோனிங் வழியே பன்றிக்குட்டிகளைப் பெற்றனர். ஆண் குட்டிகளுக்கு டி, என்கே செல்கள் இல்லை. பி செல்கள் இருந்தன. மனித நோயின் அச்சு அசலான அமைப்பு இது. இவை பழைய மரபணு இலக்கு முறையில் பிறந்தவை. டிஎன்ஏவை வெட்டும் நொதிகளைக் கொண்டு திருத்தும் முறையில் ஸ்கிட் எலிகள் 2010இலும், ஆர்ஏஜி2 இல்லாப் பன்றிகள் 2014இலும், மார்மோசெட் குரங்குகள் 2016இலும் வந்தன. கிரிஸ்பர்-காஸ்9 என்னும் மரபணுத் திருத்தக் கருவி கருவிலேயே நேரடியாகத் திருத்த இடம் தருவதால் குளோனிங் தேவை குறைந்தது.

பாரிஸில் ஸ்கிட் குழந்தைகளுக்காக 1999இல் தொடங்கிய மரபணுச் சிகிச்சைச் சோதனையில், சில ஆண்டுகள் கழித்துச் சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மரபணுவைச் சுமந்து செல்லச் செலுத்திய வைரஸ், புற்றுநோயைத் தூண்டவல்ல எல்எம்ஓ2 மரபணுவின் அருகே போய் அமர்ந்திருந்தது. இத்தகைய தாமத விளைவுகளை அறிய இரண்டு, மூன்று ஆண்டுகளே வாழும் சுண்டெலி போதாது. நீண்ட ஆயுளுள்ள விலங்கு வேண்டும். ஆனால் ஸ்கிட் பன்றியை வளர்ப்பது எளிதன்று. அறுவை மூலம் குட்டிகளை எடுத்து, கிருமி புகாத கூண்டில் பேணினால்தான் நெடுநாள் பிழைக்கும். செலவும் இடமும் பெரிது என்பதால் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் இன்றும் சுண்டெலியையே நம்பியிருக்கின்றன.