மசூலாவும் பெட்டகமும்

சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றைச் சுவர்களின் வரலாறாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். அதைக் கூலியின் வரலாறாகவும் படிக்கலாம்.

மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் வாய்க்கவில்லை. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. துணிப்பொதியானாலும் துரையானாலும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். ஆணியின்றி, பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது விறைத்து உடையாமல் வளைந்து கொடுக்கும். வெள்ளையரின் பயணக் குறிப்புகளில் இப்படகோட்டிகள் மீது ஒரு வசை திரும்பத் திரும்ப வருகிறது: நடு அலையில் நிறுத்திக் கூடுதல் கூலி கேட்கிறார்கள் என்பது. அவ்வசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், கும்பினியார் காலத்தில் உழைப்பவன் பேரம் பேச முடிந்த அபூர்வமான இடம் அந்த அலைநடு என்பது விளங்கும்.

1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் அமைந்தது. அடுத்து எழுந்த அலைத்தடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் திறந்தார். கப்பல் கரையணைந்தது, மசூலா மெல்ல விடைபெற்றது. பேரம் அலையிலிருந்து தொழிற்சங்கத்துக்கு இடம் மாறியது.

1983இல் பெட்டக முனையம் வந்தது. தோள்கள் சுமந்த மூட்டைகள் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் புகுந்தன. கிரேன் ஒரே தூக்கில் இறக்கியது. உள்ளே இருப்பது என்னவென்று இறக்குபவருக்கே தெரியாது.

இத்துறைமுகம் அடக்க நினைத்தது அலையை மட்டும்தானா என்று நாம் கேட்காமலிருக்க முடியவில்லை.