மூன்றும் பத்தும்

போன வாரம் உங்களை ஆடாதோடைச் செடியின் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். பாட்டிமார் சளிக்குக் கஷாயம் வைத்த இலை அது. அதிலுள்ள வாசிசினைப் பின்பற்றித்தான் ஜெர்மானிய வேதியியலாளர்கள் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மாத்திரையைச் செய்தார்கள். அது கொரோனாக் கிருமியையும் தடுக்குமா? அந்த இடத்தில் 'தொடரும்' போட்டேன். கோபம் இருக்கும். பொறுங்கள். அதற்கு விடை தேடும் வழியில் மலேசியாவின் ஈப்போ நகரம் குறுக்கிடுகிறது. அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

2021-ன் நடுப்பகுதி. பசித்த வீடுகளின் வாசலில் வெள்ளைக் கொடி தொங்கிய நாட்கள். பேராக்கில் ரப்பர்த் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களில் குடியேறியிருந்த நம் குடும்பங்களிலும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். புலனக் குழுக்களில் ஒரே பெயர் சுற்றியது.

ஐவர்மெக்டின்.

புழுக்களை ஒழிக்கும் பழைய மருந்து. ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருடு நோயிலிருந்து லட்சக்கணக்கானோரின் கண்களைக் காத்தது. அதைத் தந்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்றில், 48 மணி நேரத்தில் கொரோனாக் கிருமியை அது ஏறக்குறைய துடைத்தெடுத்திருந்தது. ஆனால் அது கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில். அங்கே ஊற்றிய அளவு, மனித உடம்பு வழக்கமான மாத்திரையில் எட்டக்கூடிய அளவைவிடப் பல மடங்கு அதிகம்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கும்போது இதையெல்லாம் யார் கேட்பார்கள்? கள்ளச் சந்தையில் மாத்திரை தேடினார்கள். "இருக்கிற மருந்தைக் கொடுக்காமல் ஏன் ஒளிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. பயந்த பிள்ளை அப்படித்தான் கேட்கும்.

இங்கேதான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி கதைக்குள் வருகிறது. ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. அங்கே தொற்றுநோய் மருத்துவர் ஸ்டீவன் லிம் சீ லூன். அவரும் சகாக்களும் கொடு, கொடுக்காதே என்ற சண்டையில் இறங்கவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்றார்கள்.

நாடெங்கும் 20 அரசு மருத்துவமனைகள். ஐம்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ வேறு நோயோ உள்ளவர்கள், நோய் அறிகுறி கண்டு ஒரு வாரத்துக்குள் வந்தவர்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஐந்து நாள் ஐவர்மெக்டின். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யார் எந்தப் பாதி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. அந்த நேரத்திலும், மருந்து கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே கையெழுத்திட்டார்கள் அந்த நோயாளிகள். இந்தக் கதையின் நாயகர்கள் அவர்களே என்பேன்.

கேள்வியும் முதலிலேயே எழுதி வைக்கப்பட்டது: ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றுவதை இந்த மாத்திரை தடுக்கிறதா?

இனி, கணக்கு விரிந்த வேளைக்கு வாருங்கள்.

மொத்தம் 490 பேர். மாத்திரை சாப்பிட்ட 241 பேரில் நோய் முற்றியது 52 பேருக்கு. சாப்பிடாத 249 பேரில் 43 பேருக்கு.

தடுக்கவில்லை!

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அதே அட்டவணையில் இன்னொரு வரி இருந்தது. மரணம்.

மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 பேர்.

சாப்பிடாதவர்களில் 10 பேர்.

நெஞ்சு ஒரு கணம் நிற்கிறதல்லவா? எனக்கும் நின்றது. மூன்றுக்குப் பத்து! நாடே கேட்கத் துடித்த செய்தி அந்த ஒரு வரியில் இருந்தது. அதை மட்டும் உரக்கச் சொல்லியிருந்தால் மாலை மரியாதையே நடந்திருக்கும்.

அவர்கள் சொல்லவில்லை.

மொத்தம் 13 மரணங்கள்தான். மருந்தால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இத்தகைய வித்தியாசம் தற்செயலாகவே விழ நூற்றில் ஒன்பது வாய்ப்பு உண்டு. ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான் மருத்துவ உலகம் காது கொடுக்கும். அதோடு, எழுதி வைத்த கேள்வி வேறு. விடை பிடிக்கவில்லை என்பதற்காகக் கேள்வியை மாற்றலாமா? ஐவர்மெக்டினைப் பயன்படுத்த இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அந்த 3-ஐயும் 10-ஐயும் மறைக்கவுமில்லை. 'ஜாமா இன்டெர்னல் மெடிசின்' இதழில் எல்லாரும் பார்க்க அச்சிட்டார்கள்.

சரியாகச் செய்தார்களா? பிரேசில் பதில் சொன்னது. அங்கே 1,358 பேரிடம் நடந்த டுகெதர் ஆய்வில் மரணங்கள், மருந்துக் குழுவில் 21, வெற்று மாத்திரைக் குழுவில் 24. மூன்றுக்குப் பத்து என்ற அந்தப் பெரிய இடைவெளி அங்கே ஏறக்குறைய கரைந்தே போயிருந்தது.

இப்போது நம் இருமல் மாத்திரைக்கு வருவோம்.

ஈரானின் தப்ரீஸ் நகரம். 78 கொரோனா நோயாளிகள். 39 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு புரோம்ஹெக்சின். 39 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மாத்திரை சாப்பிடாதவர்களில் 5 பேர் இறந்தார்கள். சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. இந்த முறை கணக்கு, மருத்துவ உலகம் காது கொடுக்கும் கோட்டுக்குக் கீழேயே இறங்கியிருந்தது.

அப்படியானால் ஆடாதோடையின் பேரப்பிள்ளை ஜெயித்துவிட்டதா? ஈப்போ சொல்லிக்கொடுத்ததை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்களே ஒரு முடிவு எழுதி வையுங்கள். அடுத்த வாரம் சரிபார்ப்போம்.

(தொடரும்)