மூன்று நிக்கானோர்கள்

பெயருக்கும் வாழ்வுக்கும் பொருத்தம் உண்டா? நிக்கானோர் என்ற கிரேக்கப் பெயர் இக்கேள்வியை எழுப்புகிறது. 'நிக்கே' என்றால் கிரேக்க மொழியிலே வெற்றி. எனவே நிக்கானோர் என்பவன் வெற்றி வீரன்.

கி.மு. 332இல் மகா அலெக்சாந்தர் பலஸ்தீனத்தைக் கைக்கொண்ட பின்னர், கிரேக்க மொழி அங்கு பரவிற்று. யூதர்களும் தம் பிள்ளைகளுக்குக் கிரேக்கப் பெயர்களைச் சூட்டலாயினர். இவ்வாறு எருசலேமின் வரலாற்றிலே மூன்று நிக்கானோர்களைக் காண்கிறோம்.

முதலாமவன் செலூக்கிய மன்னனின் படைத்தளபதி. எருசலேம் ஆலயத்தை நோக்கி வலக்கரத்தை நீட்டி, அதனை அழிப்பேன் எனச் சூளுரைத்தவன். கி.மு. 161இல் அதாசா என்னுமிடத்திலே யூதா மக்கபேயின் படையுடன் பொருதி மாண்டான். அவனது தலையும், நீட்டிய அந்த வலக்கரமும் எருசலேமிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. அவன் வீழ்ந்த ஆதார் மாதம் 13ஆம் நாளை யூதர்கள் 'நிக்கானோர் நாள்' எனக் கொண்டாடினர். வெற்றியின் பெயர் தோல்வியின் திருநாளாயிற்று!

இரண்டாமவர் அலெக்சாந்திரியா நகரத்துச் செல்வர். முன்னவன் அழிக்க நினைத்த ஆலயத்துக்கு இவர் வெண்கலக் கதவுகளை வழங்கினார். அவற்றைக் கொண்டுவரும்போது கடலிலே புயல் எழுந்ததாம். மாலுமிகள் ஒரு கதவை எறிந்துவிட்டு மற்றதையும் எறிய முற்பட, "என்னையும் சேர்த்து எறியுங்கள்" என அதைக் கட்டிப்பிடித்தாராம். கடல் அடங்கியது என யூத மரபு கூறும். கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை எரித்தனர், கதவுகளும் மறைந்தன. ஆயினும் 1902இல் எருசலேமின் ஸ்கோப்பஸ் மலையிலே எலும்புகள் இட்ட கற்பேழை ஒன்று கிடைத்தது. கதவுகளைச் செய்வித்த அலெக்சாந்திரியாவின் நிக்கானோரை அதிலுள்ள கிரேக்க எழுத்துக்கள் குறிப்பிடுகின்றன. இன்று அப்பேழை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

மூன்றாமவர் ஆதித் திருச்சபையின் ஊழியர். அன்றாட உணவுப் பங்கீட்டிலே கிரேக்கமொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அதைச் சீர்செய்யத் தெரிவான எழுவருள் இவரும் ஒருவர். புதிய ஏற்பாட்டிலே, அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், ஒரேயொரு தடவை இவர் பெயர் வருகிறது. அவ்வளவுதான். போரில்லை, கொடையில்லை, கல்வெட்டுமில்லை.

வாளேந்தியவனை அவனது பகைவர்கள் நினைவில் வைத்தார்கள். கொடுத்தவரை ஒரு கல் நினைவில் வைத்தது. பரிமாறியவரையோ, பசியாறிய விதவைகள் நினைத்திருப்பார்கள். இம்மூவருள் பெயருக்கேற்ற வெற்றி வீரர் யார், நேயர்களே?