அடிமரம் இல்லாத ஆலமரம்

ஊரிலிருந்து யார் கல்கத்தாவுக்கு வந்தாலும், காளிகாட், தட்சிணேசுவரம் பார்த்து முடிந்ததும் நான் அழைத்துப் போகும் இடம் ஷிப்பூர் தாவரவியல் பூங்கா. 1787-இல் ராபர்ட் கிட் தொடங்கிய தோட்டம் அது. அங்குள்ள பெரிய ஆலமரத்தைச் சுற்றி வந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அடிமரம் எங்கேப்பா?"

அடிமரம் இல்லை! 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் மரம் பலமாக அடிபட்டது. காயம்பட்ட இடங்களில் காளான் புகுந்தது. சுமார் 51 அடி சுற்றளவுள்ள அடிமரம் உள்ளுக்குள் அழுகிப்போகவே, மற்ற பகுதிகளைக் காப்பாற்ற 1925-இல் அதை அகற்றிவிட்டார்கள்.

மரத்தின் காயமும் நம் தோலைப் போல ஆறிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மரத்தை அழுகச் செய்வது காளானே என்று 1870-களில் ஜெர்மானியர் ராபர்ட் ஹார்ட்டிக் காட்டினார். மரம் அதை எப்படி எதிர்க்கிறது என்பதை, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்த அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1977-இல் விளக்கினார். கெட்ட பகுதியை மரம் புதுப்பிப்பதில்லை. சுவர் கட்டி ஒதுக்கிவிடுகிறது. மேலும் கீழும் ஓடும் நீர்க்குழாய்களை அடைப்பது ஒன்று, உட்புறமாகப் பரவாமல் தடுப்பது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. காயத்துக்குப் பின் பட்டைக்கு அடியில் வளரும் புது மரத்தைக் காக்கும் நான்காவது சுவர்தான் மிகவும் பலமானது. ஆகவே, பொந்தை நன்றாகச் சுரண்டி சிமெண்டு பூசுகிறோமே, அது மரம் கட்டிய சுவரை நாமே இடிக்கிற வேலை!

காயம் பெரிதானால் சுவரும் தோற்கும். ஷிப்பூரில் நடந்தது அதுதான். ஆனால் ஆலுக்கு விழுது இருக்கிறதே! மண்ணில் ஊன்றிய விழுது தானே நீர் உறிஞ்சும், கிளையையும் தாங்கும். அடிமரம் போய் நூறாண்டு ஆகியும், 2020-இல் ஆம்பன் புயலில் அடிபட்டும், மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளோடு மரம் நிற்கிறது.

கறையான் தின்ற ஆலை விழுது தாங்குவதைத் தளர்ந்த தந்தையைத் தாங்கும் மகனுக்கு உவமையாக்கியது நம் நாலடியார். ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு இங்கே வேரூன்றிய நமக்கு அந்த உவமை கொஞ்சம் சுடத்தான் செய்கிறது. அடுத்த முறை ஷிப்பூர் போகும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.