திண்ணைக்குப் பாகம் இல்லை

நான் பத்திர எழுத்தர். வீட்டின் வயதை நான் தூணைப் பார்த்துச் சொல்வதில்லை, மூலப்பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். புதுச்சேரியில் பழைய வீடுகளைக் கொன்றது கடல்காற்றைவிடப் பாகப்பிரிவினைதான் என்பது என் கட்சி. கட்டடக்கலை படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனாலும் பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரம் ஏதாவது கிடைத்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு திரும்பக் கட்டிய ஊர்தான் இன்று நாம் பார்ப்பது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவரருகே நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எனக்கு மேற்குப் பக்கம்தான் பிடிக்கும். தெருவோரம் மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, நிலைக்கதவு, முற்றம். இப்படிக் கீழே தமிழ் வீடு. மாடிக்குப் போனால் வளைவு ஜன்னலும் சுதை வேலையும் பிரெஞ்சுக்காரர் பாணியில் இருக்கும். இரண்டையும் ஒரே கொத்தனார் கட்டியிருப்பார். செட்டியாரும் முதலியாரும் வேண்டியதை வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 முதல் அங்கே முகப்புகளைச் சீர்செய்தது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நேவ்-சுர்-லோட்டும் நம் நகராட்சியோடு கைகோத்தன. முகப்புச் செலவில் பாதி திட்டத்தின் பணம், மறுபாதி வீட்டுக்காரர் பணம்.

மறுபாதி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்காரர் யார்? அண்ணன் முன்கட்டில், தம்பி பின்கட்டில், முற்றத்தின் நடுவே ஒரு குறுக்குச்சுவர், தங்கை பாரிஸில். அவர் கையெழுத்து வந்து சேருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் பழம்பொருள் கடைக்காரர் சொல்லும் விலை வேறு காதில் விழுந்துகொண்டே இருக்கும். பாரம்பரிய ஆர்வலர்களின் வேலையில் பெரும்பகுதி சுண்ணாம்பும் கடுக்காயும் அல்ல. திண்ணையில் உட்கார்ந்து, பேசாத அண்ணன் தம்பியைப் பேச வைப்பதுதான். அந்த வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்களுக்குத் தனி விருது உண்டா என்ன!

என் கட்சிக்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. கடற்கரைச் சாலையில் மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 1870களின் தொடக்கத்தில் எழுந்தது. அதற்கு வாரிசுத் தகராறு கிடையாது, சொந்தக்காரர் ஒருவர்தான், அது அரசாங்கம். இருந்தும் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கூட்டுச் சொத்தும் கெடும், கேட்பாரற்ற சொத்தும் கெடும் என்று ஊர் கண்டது அன்றுதான். அதற்குப் பிறகுதான் எங்களில் பலர் தெருவுக்கு வந்தோம். மறு ஆண்டே பாரம்பரிய விழா தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளை வீதி வீதியாக அழைத்துப்போய் வீடு காட்டினோம். உலக வங்கிப் பணத்தில் மேரி திரும்ப எழுந்து 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பழைய முகம், புது உடம்பு. எனக்கு அதில் குறையில்லை. 1761க்குப் பிறகு இந்த ஊரே அப்படி எழுந்ததுதானே.

இப்போதெல்லாம் பாகப்பத்திரம் எழுத வருகிறவர்களிடம் ஒரு ஷரத்தைப் படித்துக் காட்டுகிறேன்: "முன்கட்டும் திண்ணையும் தாழ்வாரமும் அனைவருக்கும் பொதுவில் இருக்க வேண்டியது, ஒருவர் மட்டும் இடிக்க உரிமை இல்லை." பெரியவர்கள் தலையாட்டுவார்கள். மருமகப்பிள்ளைகள் உடனே கேட்பார்கள், "அப்போ வீட்டு வரி யாருங்க கட்டுறது?" நியாயமான கேள்வி. அதனால் இன்னொரு வரியும் சேர்த்தாயிற்று: முன்கட்டு வாடகையிலிருந்து முதலில் வரி, பிறகு ஓடு மாற்றும் செலவு, மிச்சம்தான் பங்கு.